ஜெராம் புத்தேயில் மணி அடிக்கவில்லை

சிலிபின், ஈப்போ
1925 நவம்பர் 14, சனிக்கிழமை

அன்புள்ள தம்பி ஜெயபாலனுக்கு,

நீயும் உன் மனைவி மங்களமும் காய்ச்சல் தீண்டாமல் இருக்கச் சர்வேசுரனை மன்றாடி, அக்கா எழுதுவது.

முதலில் ஒரு திருத்தம். பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு உனக்குக் கடிதம் போட்டுவிட்டதாக நேற்று வேலியருகே சொன்னார். அது என் கடிதத்துக்கு முன்பே கிளந்தான் வந்து சேர்ந்திருக்கும். ஜெராம் புத்தே ஆற்றில் வெள்ளம் வந்தபோது நான் கரையில் நின்று சத்தம் போட்டேன் என்றும், அந்தச் சத்தத்தால்தான் உன் மகள் ரோசாலி பிழைத்தாள் என்றும் அவர் எழுதியிருப்பார். ஊரெல்லாம் அப்படித்தான் பேசுகிறார்கள். சென்ற ஞாயிறு பிரசங்கத்தில் சுவாமியார்கூடப் பெயர் சொல்லாமல் "விழித்திருந்த விதவை ஒருத்தி" என்றார். பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் பீடத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அது உண்மையல்ல. நான் சத்தம் போட்டது மெய். ஒரே ஒரு முறை போட்டேன். ரோசாலி கரையேறக் கூடாது என்று சொல்வதற்காகப் போட்ட சத்தம் அது.

ரோசாலி நலமாயிருக்கிறாள். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். எழுத்து கோணலாயிருப்பதையும் மன்னித்துக்கொள். வலது கை வீங்கியிருக்கிறது, காரணம் பிறகு சொல்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கார்த்திகேசுவை உனக்குத் தெரியும், ரயில்வே பட்டறையில் தலைமைக் கிளார்க், போன வருஷம் நீ வந்தபோது உன்னோடு சீட்டாடியவர். ஆவணியில் ஒரு பழைய மோட்டார் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து ஞாயிறு, விடுமுறை என்று ஒன்றையும் விடுவதில்லை. இந்த முறை கம்பாருக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கிற ஜெராம் புத்தேக்குப் போவதாகவும், ரோசாலியின் இருமலுக்கு மலைக்காற்று நல்லதென்றும் சொன்னார். டாக்டரும் அப்படிச் சொல்லியிருந்ததால் சம்மதித்தேன்.

நம் வீட்டு வேலைக்காரி இருளாயியிடம் கூடையைக் கட்டச் சொன்னேன். அவள் அந்த ஆற்றுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள், கல்யாணத்துக்குப் பிறகுதான் சிலிபின் வந்தாள். ஊர் பெயரைக் கேட்டதும், "அந்த ஆத்துக்கா, ஐப்பசி மழையிலயா?" என்றாள். உன் யோசனையைக் கேட்கவில்லை, கூடையைக் கட்டு என்றேன்.

அக்டோபர் 31, சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். மறுநாள் பூசைக்குத் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. கார்த்திகேசு, அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பையன்கள், நான், ரோசாலி, பின்னால் சாமான்களோடு இருளாயி. அந்தப் பையன்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் சொல்லையும் கேட்காதவர்கள். வழியில் மூன்று முறை வண்டியை நிறுத்தவைத்துக் குரங்குக்குப் பிஸ்கோத்துப் போட்டார்கள். ரோசாலி கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கார்த்திகேசுவின் மனைவி, "உங்கட பிள்ளையைப் பாத்தெண்டாலும் இதுகள் பழகட்டும் அக்கா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் நீ அறிய வேண்டும்.

ஊர் என்று சொல்ல அங்கே ஒரே தெருதான், பதினைந்து கடை இருக்கும். ஆனால் விடுமுறை நாளில் அங்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் நீ திகைப்பாய். அரைக் கால்சட்டை போட்ட துரைமார்கள் தூண்டிலும் துப்பாக்கியுமாக அலைகிறார்கள். சீனக் கடைக்காரர்களின் பிள்ளைகள் மோட்டார் டியூபில் காற்றடித்து, அதில் உட்கார்ந்து ஆற்றோடு போகிறார்கள். மூங்கில் தெப்பம் வாடகைக்குக் கிடைக்கிறது. பக்கத்து மலைக் குகைக்குள் ஏறுகிறவர்களுக்குக் கார்பைட் விளக்கும், உடன் போக ஒரு மலாய்க்காரரும். உடம்பை வருத்திக்கொள்வதற்கென்றே மனிதர்கள் இவ்வளவு தூரம் வருவார்களா என்று நினைத்தேன். ஆனால் காற்று நன்றாக இருந்தது. ரோசாலி காலையிலிருந்து ஒருமுறைகூட இருமவில்லை.

ஆற்றங்கரையில் முகமது இப்ராஹிம் என்பவரின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. நாகூர்ப் பக்கத்துத் தமிழர், தெப்பங்களும் அவருடையவைதான். குளிக்க எது நல்ல இடம் என்று கார்த்திகேசு கேட்டார். அவர் காட்டிய இடத்தில் ஆறு அகலமாகி, முழங்கால் ஆழத்தில் தெளிந்து ஓடியது. நடுவில் மேசை போல ஒரு பாறை. இப்ராஹிம் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன்: "மேல ஒரு ஈயலம்பம் இருக்கும்மா, ஈயம் தோண்டுற எடம். அணை கட்டித் தண்ணியத் தேக்கி வச்சிருக்காங்க. தெனம் நாலு மணிக்குக் கதவத் தொறப்பாங்க. அதுக்கு முன்னாடி மணி அடிப்பாங்க, இங்க வரைக்கும் கேக்கும். மணி சத்தம் கேட்டா எல்லாரும் மேல ஏறிடணும் லா. அது வரைக்கும் பயம் இல்ல. ஆனா மேல மழ கிழ பேஞ்சா..."

அவர் முடிப்பதற்குள் நான் உன் அத்தானின் ரயில்வே கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நேரமும் மணியும்.

தம்பி, நீயும் ரயில்வே வீட்டில் வளர்ந்தவன். கமுந்திங்கில் நம் வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவே தண்டவாளம் போனது நினைவிருக்கும். முப்பத்தோரு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் இருந்தேன், மணி அடிக்காமல் ஒரு வண்டியும் வந்ததில்லை. மணி அடிக்காதவரை பாதை காலி. அடித்துவிட்டால் ஒருவரும் தாண்டக் கூடாது. அந்த ஒரே விதியை வைத்து உன்னை ஐந்து வயதிலிருந்து தண்டவாளம் தாண்டவிட்டேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் அந்த விதி எங்கும் செல்லும் என்று நம்பினேன். ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு அதை ஒரு ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்ததும் ரோசாலியை அந்தப் பாறைக்குக் கூட்டிப்போய், கால்களைத் தண்ணீரில் வைத்து உட்காரச் சொன்னேன். அவளுக்கு நீச்சல் தெரியாது. பையன்கள் ஆழமான பக்கம் போய் அவளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே, "நான் கூப்பிடும் வரை இந்தப் பாறையை விட்டு அசையாதே" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கரைக்கு வந்தேன். கரைக்கும் பாறைக்கும் இருபது அடி இருக்கும். இதில் எனக்கு இன்றும் குற்றம் தெரியவில்லை. குற்றம் அடுத்ததில்.

இரண்டு நாற்பதுக்குத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த இருளாயி எழுந்து நின்றாள். எங்களுக்கு மேலே வானம் நீலமாயிருந்தது. மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. அவள் தண்ணீரைப் பார்த்தாள், கையை விட்டு முகர்ந்தாள். "அம்மா, ஆத்துச் சத்தம் மாறிடுச்சு. சருகு வருது பாருங்க, மண்ணு வாட வருது. ரோசாம்மாவ ஏத்துங்க" என்றாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்றுகூட ஆகவில்லை, லம்பத்தில் மணியும் அடிக்கவில்லை, நீ தட்டைக் கழுவு என்றேன். கார்த்திகேசுவின் மனைவி, "இவளுக்கு முனி காதில வந்து சொல்லுது போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இருளாயி சிரிக்கவில்லை. "மணி அடிக்கறவன் லம்பத்துல இருக்கான்மா. மழ மலையில பெய்யுது. மழைக்கு யாரும்மா மணி அடிப்பா?" என்று கேட்டாள். மற்றவர்கள் எதிரில் ஒரு வேலைக்காரி என்னைக் கேள்வி கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. "கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டு வந்து எனக்குப் புத்தி சொல்" என்றேன். அவள் ஆற்றின் பக்கம் திரும்பி, "ரோசாம்மா, ஓடியாங்க" என்று கத்தினாள்.

ரோசாலி எழுந்தாள். ஒரு காலைப் பாறையிலிருந்து இறக்கினாள். அப்போதுதான் நான் சத்தம் போட்டேன். "ரோசாலி, நான் உன்னைக் கூப்பிடவில்லை. அசையாதே."

இறக்கிய காலை அவள் மறுபடி பாறைமேல் வைத்துக்கொண்டாள்.

இந்தச் சத்தத்தைத்தான் கீழே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கார்த்திகேசு கேட்டிருக்கிறார். வார்த்தை அவருக்குக் கேட்கவில்லை, என் குரல் மட்டும் கேட்டிருக்கிறது. கேட்டு மேலே ஓடிவந்தார். அவருடைய பையன்கள் இருளாயி கத்தியதுமே கரையேறிவிட்டார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள், சொல்லலாமா என்ற யோசனையெல்லாம் கிடையாது. ஓடு என்று காதில் விழுந்தது, ஓடினார்கள்.

பிறகு வந்த ஓசையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கல் ஏற்றிய சரக்கு வண்டி இரும்புப் பாலத்தில் வருவது போல. வளைவில் தண்ணீர் தெரிந்தபோது அது தண்ணீராகவே இல்லை, மண்ணும் மரமுமாகச் சுவர் போல வந்தது. ரோசாலிக்கு முதுகுப் பக்கம் அது. ஓசை கேட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது. அவள் கண் என் வாயைவிட்டு அகலவில்லை. கூப்பிடுவேன் என்று காத்திருந்தாள்.

வா என்று ஒரு சொல். அது எனக்கு வரவில்லை, தம்பி. பினாங்குக் கன்னியர் மடத்தில் மூன்று மொழியில் பரிசு வாங்கியவள் நான். என் தொண்டையில் அந்த ஒரு சொல் இல்லை.

இருளாயி ஏற்கெனவே ஆற்றுக்குள் இருந்தாள். நான் அசையாதே என்று சொன்ன கணத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். பின்னலைப் பிடித்து இழுத்து, இரண்டு கையாலும் பிள்ளையைக் கரைப்பக்கம் வீசினாள். கார்த்திகேசு தண்ணீரில் பாதி இறங்கிப் பிள்ளையின் கையைப் பற்றினார். அதே நேரம் ஒரு மரம் வந்து இருளாயியின் இடுப்பில் இடித்தது. அவள் சேலையின் சிவப்பு ஒரு முறை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

இப்ராஹிமும் மலாய்த் தெப்பக்காரர்களும் கரையோரமாகக் கீழே ஓடினார்கள். நான் ரோசாலியைப் போர்வையில் சுற்றிக் கடையில் உட்கார வைத்தேன். பற்கள் அடித்துக்கொண்டன. அவள் அழவில்லை. அழலாமா என்று என்னிடம் கேட்டாள். சரியாக நான்கு மணிக்கு மலையிலிருந்து லம்பத்தின் மணி அடித்தது. கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். நான்கு காட்டியது. ஒரு நிமிஷம்கூடப் பிசகில்லை.

ஐந்து மணிக்கு மேல் இருளாயியை மூங்கில் தெப்பத்தில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். ஒரு மைல் கீழே மூங்கில் புதரில் மாட்டியிருந்தாள். உயிர் இருந்தது. வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. கார்த்திகேசு மோட்டாரில் போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் அவள் கட்டிலருகே போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். அவள் புருஷன் மாயாண்டி ஒரு பக்கம் நின்றான், நான் கால்மாட்டில் நின்றேன். இருளாயி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "அம்மாதான் தண்ணி வருதுன்னு கண்டுக்கிட்டாங்க. போயி புள்ளையத் தூக்குன்னு சத்தம் போட்டாங்க. நான் எறங்குனேன்" என்றாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். அவள் தோசை வட்டமாக இல்லையென்றால் திருத்துவேன். புடவை மடிப்பு ஒரு விரற்கடை கோணினால் திருத்துவேன். அன்று நான் திருத்தவில்லை. மாயாண்டி என்னைப் பார்த்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன்.

ஊரில் பேசுகிற கதை இப்படி வந்தது. கார்த்திகேசு பொய் சொல்லவில்லை. தன் காதில் விழுந்ததையும் இருளாயி சொன்னதையும் சேர்த்து அவர் நம்புகிறார்.

வீட்டு விஷயம் சில. மேற்குப் பக்கத்துக் கூரை மறுபடி ஒழுகுகிறது. உன் காலணி அளவு போன வருஷத்ததுதானா என்று எழுது. குவினைன் மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டு நீ விட்டுவிடாதே, உன்னைப் போன்ற ஆஸ்பத்திரி டிரஸர்மாருக்குக் காய்ச்சல் வராது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ரோசாலி கணக்கில் வகுப்பில் முதலாவது. நடத்தைக்குப் பள்ளிக்கூட மதர் போட்டிருப்பது 'குறையேதுமில்லை'. முன்பெல்லாம் அந்த வரியை இரண்டு முறை படிப்பேன்.

இனிச் செவ்வாய்க்கிழமை நடந்தது. இரண்டு வாரம் மூடிவைத்திருந்ததை எழுத வைத்தது அதுதான்.

சாயங்காலம் ரோசாலியை மேசையில் உட்காரவைத்து இருபது வரி கையெழுத்துக் கொடுத்தேன். எழுதி முடிக்கும் வரை நாற்காலியை விட்டு அசையக் கூடாது என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, வண்ணான் வந்திருந்தான், பின்கட்டுக்குப் போனேன். கால் மணி நேரம் ஆயிருக்கும். திரும்பி வந்தபோது அவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுதவில்லை. முகம் வெளுத்திருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு சாண் நீளப் பூரான், கறுப்பு, அவள் கணுக்காலைச் சுற்றிப் பாதத்தின்மேல் படுத்திருந்தது.

அவள் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஆற்றில் பார்த்தாளே, அதே பார்வை.

அப்போது எனக்கு வந்த பயத்தை உனக்கு எப்படிச் சொல்வேன். பூரானுக்குப் பயப்படவில்லை. நான் என்ன சொன்னாலும் இந்தப் பிள்ளை அதைச் செய்துவிடும் என்று பயந்தேன். ஒன்றும் சொல்லாமல் கிட்டப் போய், கையாலேயே அதைத் தட்டிவிட்டேன். அது என்னைக் கடித்தது. கை வீங்கியது அதனால்தான். இரண்டு நாளில் சரியாகிவிடும், நீ மருந்து எழுதி அனுப்ப வேண்டியதில்லை.

ஏன் எழுந்திருக்கவில்லை, ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "அசையக் கூடாதுன்னு சொன்னீங்க அத்தை" என்றாள். பிறகு பாடம் ஒப்பிக்கிற குரலில், "இருளாயி அக்கா நீங்க சொன்னதக் கேக்காம ஆத்துல எறங்கினாங்க. அதனாலதானே சர்வேசுரன் அவங்க கால ஒடச்சாரு?" என்றாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை. இரண்டு வாரமாக அவளுக்கு எல்லாம் தெரியும். யார் கூப்பிட்டது, யார் தடுத்தது என்று. சுவாமியார் புகழ்ந்ததையும் கேட்டாள், நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தாள். இரண்டையும் கூட்டிப் பார்த்து இந்த விடையை எடுத்திருக்கிறாள். கணக்கில் முதலாவது என்று சொன்னேனே.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, "ரோசாலி, அன்று அத்தை சொன்னது தப்பு. இருளாயி செய்ததுதான் சரி" என்றேன். இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடித்துக்கொண்டு, "சரி அத்தை" என்றாள். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் சொல்வாளே, அந்தச் "சரி அத்தை". நான் தப்புச் செய்தேன் என்பதையும் என் கட்டளை என்பதால்தான் ஏற்றுக்கொண்டாள்.

புதன்கிழமை சுவாமியாரிடம் இதையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமியார் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார். பிரசங்கத்தில் சொன்னதைத் திருத்தலாமா என்று கேட்டேன். வயதான காலத்தில் மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றார்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாயாண்டியும் இருந்தான். அவன் எதிரிலேயே, நடந்தது இன்னது, போலீஸிலும் சொல்லப் போகிறேன் என்று இருளாயியிடம் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "வுடுங்கம்மா. உங்க பேருல இருந்தா உங்களுக்கு மரியாத. என் பேருல இருந்தா நான் எசமானி பேச்சக் கேக்காதவ. அப்பறம் எனக்கு எந்த வூட்டுல வேல குடுப்பாங்க?" என்றாள். மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டான். என் வீட்டில் வேலை எப்போதும் உண்டு என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கடியாரம் நனையாம இருக்காம்மா?" என்று கேட்டாள். கேலி செய்தாளோ, உண்மையிலேயே கேட்டாளோ தெரியாது. இருக்கிறது என்றேன். "நல்லாப் பாத்துக்குங்க. நான் மணி பாக்கக் கத்துக்கணும்ல" என்றாள். அப்போது மாயாண்டிகூடச் சிரித்துவிட்டான்.

வரும் வழியில் போலீஸ் நிலையத்தில் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். கார்த்திகேசுவிடம் நேற்றுச் சொன்னேன். "அக்கா, பயத்தில உங்களுக்கு நினைவு குழம்பிப்போச்சு" என்கிறார். அவர் நம்பாவிட்டால் போகட்டும். நீ நம்ப வேண்டும்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் நீ எழுதினாய், மங்களம் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று. நான் என்ன பதில் எழுதினேன் என்பது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. தாயில்லாப் பிள்ளையை நான்கு வயதிலிருந்து ஒழுங்காக வளர்த்திருக்கிறேன், பள்ளிப்படிப்பில்லாத ஒருத்தியிடம் கொடுத்துக் கெடுக்க மாட்டேன் என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை மங்களம் படித்திருந்தால், நான் வருத்தப்படுவதாக அவளிடம் சொல். படிக்கவில்லையென்றால் கிழித்துவிடு.

உங்கள் கல்யாணத்தன்று ஒன்றைப் பார்த்தேன். மங்களத்தின் தம்பி, ஏழு வயதிருக்கும், அவள் உட்கார் என்று சொல்லச் சொல்ல அவள் பின்னலை இழுத்துவிட்டு ஓடினான். அவள் மணக்கோலத்தில் இருந்தபடியே சிரித்தாள். வளர்ப்பு சரியில்லை என்று அன்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். இந்த மூன்று நாளாக அந்தப் பையன் ஓடியதுதான் கண்ணில் நிற்கிறது.

நான் மாறிக்கொள்கிறேன் என்று எழுதலாம். அறுபத்து மூன்று வயதில் எவ்வளவு மாற முடியும் என்று எனக்குத் தெரியாது. நேற்றுக் காலை, "நீ விரும்பினால் பால் குடி, வேண்டாமென்றால் வேண்டாம்" என்றேன். அவள் தம்ளரைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் படித்துக்கொண்டே நின்றாள். பால் ஆறி ஏடு படர்ந்தது. கடைசியில் குடி என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை முதல் வீட்டில் வாயைத் திறக்கவே அஞ்சுகிறேன். தெருவில் மாட்டு வண்டி வந்தால், அடுப்பில் நெருப்பு சீறினால், என் வாயிலிருந்து என்ன சொல் வரப்போகிறதோ என்று முதலில் அதற்குத்தான் நடுங்குகிறேன்.

நம் தாய் இறந்தபோது நீ பிறந்து ஒன்பது நாள். உன்னை நான்தான் வளர்த்தேன். நீ படித்து, வேலை கிடைத்ததும், பேராக்கில் அத்தனை தோட்டத்து ஆஸ்பத்திரி இருக்க, கப்பலேறிப் போக வேண்டிய கிளந்தானைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நிற்பது எப்படியிருக்கும் என்று உன்னைவிட அறிந்தவர் இல்லை. அதனால் இதைத் தீர்மானிக்க வேண்டியவன் நீதான்.

அவளுடைய உடுப்புகளைத் துவைத்து எண்ணி வைத்திருக்கிறேன். போர்வை ஒன்று புதிதாகத் தைத்தேன், கிளந்தானில் மழைக்காலம் கடுமை என்று கேள்வி. தலையில் எண்ணெய் அதிகம் வைத்தால் அவளுக்குச் சளி பிடிக்கும், மங்களத்துக்குத் தெரிந்திருக்கட்டும். தூங்கும்போது வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள், கைக்கு எட்டும் தூரத்தில் யாராவது இருக்க வேண்டும். இதெல்லாம் நீ அழைத்துக்கொள்வதாயிருந்தால். விட்டுவைப்பதாயிருந்தால் அவளை எப்படிக் கூப்பிட வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமலிருக்க வேண்டும் என்று நீ எழுதியபடி நடப்பேன். நீ சொல்வதை நான் கேட்பேன்.

உங்கள் மூவர்மேலும் தேவதாயின் காவல் இருக்கட்டும். மூவர் என்று தெரிந்துதான் எழுதினேன்.

கார்த்திகேசு மூலமாகவோ கப்பலில் வருகிறவர் மூலமாகவோ சொல்லியனுப்ப வேண்டாம். ரோசாலியை அழைத்துக்கொள்கிறாயா, இல்லையா என்று உன் கையால் எழுதி, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தபாலில் பதில் போடு.

உன் அக்கா,
திரேசா நல்லம்மாள்